ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள்: ஒரே நாளில் எங்கே போய்வரலாம்?

செங்காங் மகன்

வணக்கம். அப்பாவும் அம்மாவும் நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூர் வந்து பத்து நாளாகிறது. செந்தோசா, விலங்குத் தோட்டம், கரையோரப் பூந்தோட்டங்கள் எல்லாம் பார்த்தாயிற்று. முஸ்தபா கடை மட்டும் மூன்று தடவை. இன்னும் மூன்று ஞாயிறு கையில் இருக்கிறது. காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படியான இடங்கள் வேண்டும்.

அப்பாவுக்கு 74 வயது. வலது முழங்காலில் வலி. சமதரையில் மெதுவாக இரண்டு கிலோமீட்டர் நடந்துவிடுவார், படியைக் கண்டால்தான் முகம் மாறும். அம்மாவுக்கு நடையெல்லாம் பிரச்சினையே இல்லை, சாப்பாடுதான் பிரச்சினை. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. நான் நிரந்தரவாசி, இந்தியக் கடப்பிதழ். கார் இல்லை. மலேசியாவின் ஜோகூர் பாருவும் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவும் மனதில் இருக்கின்றன. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் கோடிவீடு

கண்ணை மூடிக்கொண்டு ஜோகூர் பாரு. வயதானவர்களோடு போவதானால் பேருந்து வேண்டாம், உட்லண்ட்ஸிலிருந்து ரயிலில் போங்கள். இரண்டு ஊரையும் இணைக்கும் கடற்பாலத்தைக் கடக்க ஐந்தே நிமிடம். போகும்போது இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும், அந்தப் பக்கம் இறங்கியதும் நேரே நடக்கலாம். இங்கிருந்து போக 5 சிங்கப்பூர் வெள்ளி, அங்கிருந்து வர 5 மலேசிய ரிங்கிட். ஒரே தண்டவாளம், ஒரே தூரம், திரும்பும்போது மட்டும் மலிவு! வார இறுதி டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இன்றைக்கே பாருங்கள்.

அங்கே முதலில் கண்ணாடிக் கோவில். அருள்மிகு ராஜகாளியம்மன். 1922ல் சின்னக் குடிசையாக இருந்த கோவில் அது. இப்போது சுவர், தூண், விதானம் எல்லாம் கண்ணாடிச் சில்லு. மூன்று லட்சம் துண்டுகள் என்கிறார்கள், எண்ணிப் பார்க்க யாருக்குப் பொறுமை. அப்புறம் ஜாலான் உங்கு புவான் பக்கம் போனால் நம் ஆட்கள் கடைகள், மாரியம்மன் கோவில், வாழையிலைச் சாப்பாடு. அம்மாவுக்குக் கவலையே இல்லை.

நீர்மட்டம்

கோடிவீட்டுக்காரர் ரயில் நிலையத்துக்கு ஐந்து நிமிடத்தில் நடந்து போகிறவர், அவருக்கு எல்லாம் சுலபம். செங்காங்கிலிருந்து உட்லண்ட்ஸ் போகவே ஒரு மணி நேரம். வரும்போது டிக்கெட் கிடைக்காவிட்டால் பேருந்து வரிசையில் முழங்கால் வலிக்காரர் எவ்வளவு நேரம் நிற்பார்? போன வருடம் நீண்ட வார இறுதியில் நாங்கள் போனோம். அன்றைக்குப் போனது எங்கள் தப்புதான், யாரையும் குறை சொல்லவில்லை. கோவிலில் அரை மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி, மீதி நாளெல்லாம் வரிசை. என் பெண் இன்றைக்கும் ஜோகூரை 'வரிசை ஊர்' என்றுதான் சொல்கிறாள்.

பொத்தோங் பாசிர் அக்கா

இடம் எல்லாம் இருக்கட்டும் தம்பி. அப்பா அம்மாவின் சிங்கப்பூர் விசாவை முதலில் எடுத்துப் பாருங்கள். ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா? ஒருமுறை என்று இருந்தால் கடற்பாலத்தைத் தாண்டிய நிமிடமே அது முடிந்தது, அதை வைத்துத் திரும்பி வர முடியாது. எங்கள் அண்டைவீட்டார் ஒருவர் அவர்கள் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வாசல்வரை போய் அங்கேதான் கவனித்தார். நல்லவேளை, இந்தப் பக்கத்திலேயே கவனித்துவிட்டார்.

பலமுறை என்றால் சரி, அப்போதும் இரண்டு வேலை இருக்கிறது. மலேசியாவுக்கு அவர்களின் மின்னியல் வருகை அட்டை, போவதற்கு முன் மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத்தான் அதிலிருந்து விலக்கு. உங்களைப் போல இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும் நிரப்பத்தான் வேண்டும், இதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். திரும்பி வரும்போது அப்பா அம்மாவுக்கு மறுபடி சிங்கப்பூர் வருகை அட்டை. நீங்கள் தரைவழியாக வந்தால் உங்களுக்கு அது தேவையில்லை. ஆனால் பாத்தாமிலிருந்து படகில் வந்தால் நீங்களும் நிரப்ப வேண்டும்.

செங்காங் மகன்

அக்கா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். இப்போதுதான் பார்த்தேன். இருவருக்கும் வேறு வேறு நேரத்தில் விண்ணப்பித்தோம், அப்பாவின் கடப்பிதழ் புதுப்பிக்கப் போயிருந்தது. அம்மாவுடையது பலமுறை. அப்பாவுடையது ஒருமுறை. இதை நான் இவ்வளவு நாள் பார்க்கவே இல்லை. ரயில் டிக்கெட் வாங்கும் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன், மூடிவிட்டேன்.

ஆக, ஜோகூரும் இல்லை, பாத்தாமும் இல்லை. உள்ளூரிலேயே சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் கோடிவீடு

அடடா. நான் அதைக் கேட்டிருக்க வேண்டும். சரி, பின்னால் இதைப் படிக்கிறவர்களுக்காக இரண்டு வரி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். காரில் போகிறவர்கள் முக்கால் டாங்க் பெட்ரோல் இல்லாமல் இங்கிருந்து கிளம்பக் கூடாது. மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி 2025 ஜூலை 1 முதல் கட்டாயம். பாத்தாம் போகிறவர்கள், அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பதைத் திரும்பும் படகுக்கு நேரம் பார்க்கும்போது நினைவில் வையுங்கள். தவறவிட்ட அனுபவம் உண்டு, விவரம் கேட்காதீர்கள்.

மெதுநடை

ஜோகூர் பேச்சை முடிப்பதற்குள் ஒன்று. அடுத்த முறை அவர்கள் பலமுறை விசாவோடு வந்தால் மலாக்கா கூட்டிப் போங்கள். ஹார்மனி தெரு என்று சொல்கிற இடத்தில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோவில் இருக்கிறது, 1781ல் கட்டியது. அதைக் கட்டியவர்கள் மலாக்கா செட்டிகள். பல நூற்றாண்டுகளுக்கு முன் வியாபாரத்துக்கு வந்து மலாய்க் குடும்பங்களில் பெண் எடுத்துத் தங்கிவிட்ட நம்மவர்களின் வழி வந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், வாசலில் மாவிலைத் தோரணம், பொங்கலுக்குப் பொங்கல். என் அம்மா அங்கே ஒரு பாட்டியிடம் தமிழில் பேச, அவர் மலாயில் பதில் சொல்ல, இருவரும் அரை மணி நேரம் சமையலைப் பற்றிப் பேசினார்கள். எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உட்லண்ட்ஸ் கோடிவீடு

மலாக்கா ஒரு நாள் பயணமா? 240 கிலோமீட்டர் ஐயா. போக நான்கு மணி, வர நான்கு மணி. இது உல்லாசப் பயணமா, லோரி ஓட்டமா?

மெதுநடை

ஒதுங்கிக்கொள்கிறேன் என்றீர்களே.

நீர்மட்டம்

உள்ளூர் என்றால் என் பேட்டை. உபின் தீவுக்குப் போங்கள். சாங்கி முனைப் படகுத்துறையில் பம்போட் என்கிற சின்னப் படகு. நேர அட்டவணை கிடையாது, பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி, சில்லறையாக ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஞாயிறு காலையில் பன்னிரண்டு பேர் சேர்வது ஒரு விஷயமே இல்லை.

தீவில் முக்கியமானது செக் ஜாவா என்கிற கடலோரச் சதுப்புநிலம். அது படகுத்துறையிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர், அப்பாவால் நடக்க முடியாது. துறைக்கு வெளியிலேயே வேன்கள் நிற்கும். ஏறும் முன்பே போக, வர, அங்கே காத்திருக்க என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து விலை பேசிக்கொள்ளுங்கள். அங்கே போய்விட்டால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான மரப்பாதை, சமதளம். ஒரு பக்கம் கடல்மேல் போகும், மறுபக்கம் சதுப்புநிலக் காட்டுக்குள் நுழையும். அங்கே இருக்கும் ஜெஜாவி பார்வைக் கோபுரம் 21 மீட்டர், எல்லாம் படி. அப்பா கீழே நிற்கட்டும், அம்மா ஏறட்டும்.

ஒரே ஒரு விஷயம், அலை அட்டவணை பார்க்காமல் போகாதீர்கள். கடல் உயரம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரத்தில்தான் அடியில் இருப்பதெல்லாம் தெரியும்: கடற்புல், ஒரு கை பெருத்த குட்டி நண்டுகள், சேற்றில் துள்ளும் மீன், அதிர்ஷ்டம் இருந்தால் நட்சத்திர மீன். ஏற்றத்தில் போனால் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு 'இதற்கா வந்தோம்' என்று வருவீர்கள். அந்தப் புலம்பலை இங்கேயே நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். தப்பு தீவின்மேல் இல்லை, கடிகாரத்தின்மேல்.

இந்த இடம் 2001ல் மண் கொட்டி மூடப்பட இருந்தது தெரியுமா? ஆர்வலர்களும் பொதுமக்களும் சேற்றில் இறங்கி என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுத்து எழுதி அனுப்பிய பிறகு அரசாங்கம் அந்தத் திட்டத்தைத் தள்ளிவைத்தது. இப்போது நடக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அது நினைவுக்கு வரும். கல்குவாரிகளையும் வேன்காரரிடம் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போக முடியாமல் போன அந்தக் கடற்பாலத்துக்கே உபினிலிருந்து கல் போயிருக்கிறது.

பொத்தோங் பாசிர் அக்கா

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். உபினில் கடை உண்டு, இளநீர் உண்டு, ஆனால் சுத்த சைவம் தேடி அலைய முடியாது. புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். பொட்டலத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாதீர்கள், காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து வரும். படகில் ஏறும் இடத்தில் படிகள் இருக்கின்றன, படகும் ஆடும். படகுக்காரர் கை கொடுப்பார். அப்பாவுக்கு வெட்கமாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாம் ஷிப்ட்

நான் துவாஸ் பக்கம் தொழிலாளர் தங்கும் விடுதியில் இருக்கிறேன். எங்களுக்கு ஞாயிறு ஒன்றுதான். எல்லாரும் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்குப் போவோம், நானும் போவேன். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு தனியாக எங்கேயாவது போய்விடுவேன், பத்து வெள்ளிக்குமேல் செலவு செய்வதில்லை. அதனால் என் பட்டியல் வேறு மாதிரி இருக்கும்.

ஒன்று, சுங்கை பூலோ சதுப்புநிலம். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி 925 பேருந்து. நுழைவுக் கட்டணம் இல்லை. செப்டம்பரிலிருந்து மார்ச்வரை சைபீரியாப் பக்கத்திலிருந்தெல்லாம் பறவைகள் வந்து இறங்கும். எங்கள் கோடியக்கரைக்கு வருமே, அதே ஜாதிகள். அதைப் பார்த்தால் எனக்கு ஊர் ஞாபகம். முதலையும் உண்டு, நிஜ முதலை, உவர்நீர் முதலை. ஒரு தடவை பாலத்தின்மேல் நின்று கட்டை என்று நினைத்துப் படம் எடுத்தேன். கட்டை கண்ணைத் திறந்தது.

இரண்டு, அப்பாவின் முழங்காலுக்கு: செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா, கம்பாஸ் அவென்யூவில். ஊற்றில் தண்ணீர் 70 டிகிரி. அடுக்கடுக்காகத் தொட்டி கட்டி ஆறவிட்டிருக்கிறார்கள், கீழே வரும்போது கால் வைக்கிற சூடு. அதற்கும் காசில்லை. முட்டை அவிக்கிறவர்களும் உண்டு, அம்மாவைக் கொஞ்சம் தள்ளி உட்கார வையுங்கள். காலை ஏழு மணிக்கே போங்கள், பத்துக்குமேல் உட்கார இடம் கிடைக்காது. அங்கிருந்து ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கும் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோவில் பக்கம்தான். பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் அலைமோதும், மற்ற நாளில் அமைதி.

நீர்மட்டம்

இரண்டாம் ஷிப்ட் தம்பி, பத்து வெள்ளிக்கு நீங்கள் பார்க்கிறதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அடுத்த தாழ்நீர் ஞாயிறு உபின் வாருங்கள், படகுக் காசு என்னுடையது.

தேக்கா பழையவர்

நான் பெரும்பாலும் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. நாகப்பட்டினம் என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது.

செயின்ட் ஜான்ஸ் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மரினா சவுத் பியர் எம்ஆர்டியில் இறங்கினால் எதிரிலேயே படகுத்துறை. போகவர ஆளுக்குப் பதினைந்து வெள்ளி அளவில் ஆகும், கடைசிப் படகு நேரத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கடைகண்ணி எதுவும் இல்லை. அக்கா சொன்ன புளியோதரை இங்கேதான் உதவும்.

ஏன் அந்தத் தீவு என்றால், 1874லிருந்து அது கப்பலில் வருகிறவர்களைத் தடுத்து வைக்கும் நோய்த்தடுப்பு நிலையம். அதற்கு முந்தைய வருடம் இங்கே காலரா பரவியிருந்தது. அப்புறம் எத்தனையோ பத்தாண்டுகள், ஊரிலிருந்து டெக்கில் வந்தவர்கள் சிங்கப்பூரில் மிதித்த முதல் மண் பல பேருக்கு அதுதான். என் தாத்தா ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். கப்பலிலிருந்து நேராக அந்தத் தீவுக்குத்தான் இறக்கினார்கள் என்பார். மருந்து கலந்த தண்ணீரில் குளிக்கச் சொன்னார்களாம், துணிமணியை ஆவியில் போட்டு எடுத்தார்களாம். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் தெரியும், போக முடியாது. இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் வராது, சிரிப்புதான் வரும். வெள்ளைச் சட்டை சுருங்கிப் போய்விட்டது என்பதுதான் அவருடைய ஒரே குறை.

பிற்பாடு அங்கே அரசியல் கைதிகளை வைத்தார்கள், அபின் பழக்கம் உள்ளவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். 1975க்குப் பிறகு விடுமுறைத் தீவு. என் பிள்ளைகள் பள்ளி முகாமுக்கு அங்கே போயிருக்கிறார்கள். தாத்தா நின்ற இடத்தில் பேரப்பிள்ளைகள் கபடி ஆடினார்கள்.

மெதுநடை

ஐயா எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பேன். பழைய கட்டடம் நான்கு, மரம், பூனை. வெயில் நேரத்தில் வயதானவர்கள் என்ன செய்வார்கள்? அதே படகில் குசு தீவு போகலாம். ஆமைகள் உண்டு, தண்ணீரோரத்தில் சீனக் கோவில் உண்டு. மூழ்க இருந்த இரண்டு பேரை, ஒருவர் மலாய், ஒருவர் சீனர், ஓர் ஆமை தீவாக மாறிக் காப்பாற்றியது என்று கதை. குன்றின்மேல் மலாய்ப் புனிதத் தலங்கள், 2022 ஏப்ரலில் தீப்பிடித்துச் சேதமாயின. அங்கே போக 152 படி, அப்பாவுக்கு ஆகாது. கீழேயே பார்க்கலாம்.

தேக்கா பழையவர்

பார்க்க ஒன்றும் இல்லைதான் தம்பி. உட்காரத்தான் இடம். இந்த ஊரில் அது எளிதில் கிடைக்கிறதா?

பொத்தோங் பாசிர் அக்கா

லாசரஸ் தீவை யாரும் சொல்லவில்லையே. செயின்ட் ஜான்ஸிலிருந்து இணைப்புப் பாதையில் நடந்தே போகலாம். வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து போட்ட கடற்கரை, வளைந்து அழகாக இருக்கும். ஆனால் நிழல் குறைவு. அப்பா அம்மாவைச் செயின்ட் ஜான்ஸ் மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஓடிப்போய்க் காலை நனைத்துவிட்டு வாருங்கள். குடை எடுத்துக்கொள்ளுங்கள், மழைக்கும் ஆகும், வெயிலுக்கும் ஆகும். இடி இடித்தால் திறந்த வெளியில் நிற்காதீர்கள்.

செங்காங் மகன்

மூன்று ஞாயிறும் முடிந்தது. நேற்று இரவு விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். கேட்டுவிட்டுச் சொல்லாமல் போவது சரியில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு வெந்நீர் ஊற்று. ஏழே காலுக்குப் போய்விட்டோம். அப்பா ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீன மூதாட்டி அவர் முழங்காலைத் தொட்டுக் காட்டி, சின்ன வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றச் சொல்லிச் சைகையால் கற்றுக்கொடுத்தார். வலி போனதா என்று கேட்டேன். 'போனமாதிரி இருக்கு, வந்தமாதிரியும் இருக்கு' என்றார். கோவிலில் அம்மாவுக்குத் திருப்தி.

இரண்டாவது ஞாயிறு உபின். நீர்மட்டம் அண்ணன் தனியாகச் செய்தி அனுப்பி நேரத்தைக் குறித்துக் கொடுத்திருந்தார். நன்றி. அம்மா சதுப்புநிலக் காட்டுக்குள் நுழைந்ததும் 'இது பிச்சாவரம்டா' என்றார். அதற்குப் பிறகு எதைக் காட்டினாலும் பிச்சாவரத்தில் இன்னும் பெரியது என்றுதான் பதில். கோபுரத்தில் ஏறினார், கீழே நின்ற அப்பாவைப் பார்த்துக் கை அசைத்தார். வேனுக்கு விலை பேசாமல் ஏறிவிட்டோம், அது என் தப்பு, எவ்வளவு கொடுத்தேன் என்று எழுதமாட்டேன்.

மூன்றாவதுதான் செயின்ட் ஜான்ஸ். தேக்கா ஐயா எழுதியதை முதல்நாள் இரவு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரஜுலா என்றதும் கையிலிருந்த செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டார். சின்னப் பையனாக இருந்தபோது நாகைக் கடற்கரையிலிருந்து அந்தக் கப்பலைப் பார்த்திருக்கிறாராம். கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும், இங்கிருந்து படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். தெருவில் ஒருவர் போனால் தெருவே கடற்கரைக்கு வந்து நிற்கும். அவர் பெரியப்பா ஒருவர் அப்படிப் போனவர், பிறகு கடிதம் நின்றுவிட்டது. எனக்கு இத்தனை வயதில் அப்பாவுக்கு இப்படி ஒரு பெரியப்பா இருந்தார் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

படகில் போகும்போது நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தீவில் இறங்கி மரத்தடியில் பாயை விரித்தோம். மெதுநடை அண்ணன் சொன்னது உண்மைதான், பார்க்க ஒன்றும் இல்லை. அப்பா எதிர்க்கரையின் கட்டடங்களைப் பார்த்தபடி நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். 'இங்கிருந்து பாத்தா கிட்டத்துலதான் இருக்கு' என்று ஒரு தடவை சொன்னார். வேறு எதுவும் பேசவில்லை. அம்மா தூங்கிவிட்டார். நான் லாசரஸ் போகவில்லை.

தேக்கா பழையவர்

பெரியப்பா பெயரும் எந்த வருடம் வந்தார் என்பதும் அப்பாவுக்கு நினைவிருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். பழைய ஆட்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன். உறுதி சொல்ல முடியாது.

செங்காங் மகன்

அனுப்புகிறேன் ஐயா. அப்பா ஊருக்குப் போனதும் அத்தையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மெதுநடை

அடுத்த மாதம் என் மாமியார் வருகிறார். செயின்ட் ஜான்ஸில் கழிப்பறை எப்படி?

செங்காங் மகன்

இருக்கிறது, படகுத்துறையிலிருந்து தூரமில்லை. குடிதண்ணீரை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள், ஆளுக்கு இரண்டு பாட்டில். பூனைகளுக்கு எதுவும் போடாதீர்கள். அப்பா ஒன்றுக்குத் தயிர்சாதம் வைத்தார், படகு ஏறும்வரை ஏழு எங்கள் பின்னாலேயே வந்தன.